உபதேசியார் ஊர்வலம்

சீயோன்விளை,
1911 ஆகஸ்டு 5

தம்பி வேதமுத்துவுக்கு அக்காள் சாலோமி எழுதுவது.

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. அப்பாவை அடக்கம் பண்ணின மறுநாளே வண்டி பிடித்துத் தூத்துக்குடிக்கு ஓடினவன் சுகமாகத்தான் இருப்பாய்.

நேரே கேட்கிறேன். கோயில் வாசலில் அப்பாவின் பெட்டியைத் தூக்கும்போது நீ எங்கே இருந்தாய்? நீ ஒரே மகன். முன்பக்கம் வலது தோள் உன்னுடையது. மற்றவர்கள் குனிந்து கைவைத்துவிட்டு உன்னைத் தேடுகிறார்கள். நீயோ தெருமுனையில் ஒரு மாட்டுவண்டி மேல் ஏறி, முக்காலியில் மரப்பெட்டி ஒன்றை நிறுத்தி, அதன் பிடியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாய். சுவிசேஷமுத்து மாமா "ஏலே வேதமுத்து, வாலே" என்று சத்தம் கொடுத்தார். நீ இடது கையை ஆட்டி, "நீங்க நடங்க மாமா, நிக்காதீங்க" என்றாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பாட வைத்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பூதத்தான் வந்து தோள் கொடுத்தான். பனையிலிருந்து இறங்கி அப்படியே ஓடி வந்த கோலம். அப்பா எத்தனையோ வருசம் வேதம் சொல்லியும் சபையில் சேராமல், சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிறவன். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே உபதேசியாராக இருந்த ஞானையாவின் பெட்டியை மகனுக்குப் பதிலாக அவன் சுமந்தான். ஊர் முழுவதும் பார்த்தது.

அம்மா மட்டும் பார்க்கவில்லை. நம் ஊர் வழக்கப்படி அவள் வீட்டோடு நின்றுவிட்டாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "யாரு யாரு தூக்குனாவ?" என்று கேட்டாள். ஐந்து பேரைச் சொன்னேன். "எம் புள்ள?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்ல? "அவன்தாம்மா முன்னால" என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டிபோட வைக்கிற வாத்திச்சி நான்.

அதோடு முடியவில்லை. எட்டாம் நாள், பெட்டி சுமந்தவர்களுக்கு இலை போட்டோம். ஆறாவது இலையை அம்மா உனக்கென்று போட்டுச் சோறும் வைத்து, பிறகு அந்தச் சோற்றைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பூதத்தான் வேலிக்கு அந்தப்பக்கம் பதநீர்ப் பானை கழுவிக்கொண்டிருந்தான். அவனைச் சாப்பிடக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. கூப்பிட்டால் எதற்கென்று அம்மா கேட்பாளே. அவன் இந்தப் பக்கம் திரும்பாமலே கழுவினான். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். அதை நினைத்து எழுது.

சாலோமி


தூத்துக்குடி,
1911 ஆகஸ்டு 14

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு வாசிக்க வேறு தாள் வைத்திருக்கிறேன். இது உனக்கு மட்டும்.

நீ திட்டியது எல்லாம் சரி. ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். வாத்தியார் படிப்பைப் பாதியில் விட்டு, ஊர் ஊராகப் படம் காட்டுகிற இந்தப் பயாஸ்கோப்புக் கூடாரத்தில் சேர்ந்த அன்றைக்கு அப்பா என்னைக் "கூத்தாடிப் பய" என்றார். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் தொழிலால் அவருக்கு ஒரு மரியாதை செய்து காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

சொன்னால் சிரிப்பாய். போன வருசம் சீமையிலிருந்து ஒரு ராஜாவின் அடக்கப் படம் வந்தது. குதிரைகள், சிப்பாய்கள், பீரங்கி வண்டி மேல் பெட்டி. எங்கள் கூடாரத்தில் மிஷினைச் சுற்றுகிறவன் நான்தானே, தினமும் பார்த்தேன். நம் சனங்கள் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். முன்னே பின்னே பார்த்திராத ராஜாவுக்காக ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். நம் தேசத்தில் எந்த மனுசனுக்கு இப்படி அமைந்தது என்று நினைத்தேன்.

அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்தபோது, முதலாளி முகம்மது மைதீன் புதிதாக வாங்கின படம்பிடிக்கிற பெட்டி பிரிக்காமல் இருந்தது. கேட்டேன். "மௌத்து வீட்டுக்குப் போறே, உனக்கு என்னத்துக்குலே படம்?" என்றார். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். சரி என்றார், ஆனால் பிலிம் ஒரு டப்பாதான் கொடுத்தார். அதை முறைப்படி சுற்றினால் ஊர்க் கிணறு தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். எனக்கோ கோயில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை முழுசும் வேண்டும். அதனால் வண்டியை ஊர்வலத்துக்கு முன்னால் ஓட்டச் சொல்லி, பிடியைப் பாதி வேகத்தில் பையச் சுற்றினேன். பெட்டியை இறக்குகிற வரைக்கும் எல்லாம் பதிந்துவிட்டது. இது என் கெட்டிக்காரத்தனம்.

படம் நன்றாக வந்தால் பம்பாய்க்கு அனுப்பி முழுசாகத் தொழில் படிக்க வைப்பதாக முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு சீமைப் படத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம், நாமே கதை எடுக்கலாம். பெட்டி தூக்க ஆறு பேர் எங்கேயும் கிடைப்பார்கள் அக்கா. இதைச் செய்ய நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

அம்மாவிடம் நீ எனக்காகச் சொன்னதற்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

வேதமுத்து


சீயோன்விளை,
1911 நவம்பர் 20

வேதமுத்து,

உன் ராஜ மரியாதையைப் பார்த்துவிட்டு வந்தோம்.

உங்கள் கூடாரம் ஆழ்வார்திருநகரியில் இறங்கியிருக்கிறது, உபதேசியார் அடக்கத்தைக் காட்டுகிறார்கள் என்று சுவிசேஷமுத்து மாமாவின் பெண்சாதி பாக்கியவதி அத்தை வந்து சொன்னாள். "நான் பார்க்காத வழியை ஒரு தடவை பார்த்துருதேன்" என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கூத்துக்கும் பயாஸ்கோப்புக்கும் போகக்கூடாது என்று அப்பா ஊர் ஊராகச் சொன்ன சபை இது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, திருடிகள் மாதிரி உள்ளே போனோம். நீ இல்லை. புதுச் சுருள் வாங்க மதராசுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள், வேறு யாரோ மிஷினைச் சுற்றினான்.

முதலில் கோயில் வாசல் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து ஓட ஆரம்பித்தார்கள், தம்பி. எல்லாரும் ஓடினார்கள். சுவிசேஷமுத்து மாமா தொந்தி குலுங்க ஓடினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோழிக்குஞ்சு மாதிரி குதித்துக் குதித்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு போனார்கள். நானும் இருக்கிறேன், தாளம் போடுகிற என் கை ஈ ஓட்டுகிற கை மாதிரி. இவர்களுக்கு மேலே அப்பாவின் பெட்டி எகிறி எகிறிப் போனது. கூடாரமே சிரித்தது. எனக்குப் பின்னால் ஒருத்தன் "ஓடுங்கவே, மழை வருது" என்று கத்தினான். அதற்கும் ஒரு சிரிப்பு.

குழியில் இறக்குவதைப் பெட்டியைத் தொப்பென்று போடுகிற மாதிரி காட்டினீர்கள்.

அம்மா அழவில்லை. வண்டி ஊர் எல்லைக்கு வந்த பிறகு கேட்டாள்: "இப்படியா கொண்டு போனாவ? குப்பை கொட்டப் போறவங்கூட ஒழுங்கா நடப்பானே." இல்லையம்மா, எல்லாரும் பையத்தான் நடந்தோம், நான் கூடவே போனேன் என்றேன். "எங் கண்ணால பாத்தேன்டி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்குப் போனவள், பக்கத்தில் சுவிசேஷமுத்து மாமா முழங்கால் போட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அப்பாவோடு கூடப்பிறந்தவர் மாதிரி இருந்தவர் அவர். சபை முழுதும் பார்க்க, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்று சொல்கிறேன். அந்த ஓட்டத்தில் ஒரு முகமும் நிற்கவில்லை. பெட்டிக்கு அடியில் இருப்பது நீயா இன்னொருத்தனா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. படம் பிடித்தது உங்கள் கூடாரத்து வேறு ஆள் என்றே நினைத்திருக்கிறாள். அத்தனை பேர் சிரிக்கும்போது, என் பொய் பிழைத்ததே என்று எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. அதை நினைத்தால் என் முகத்தை நானே பார்க்கக் கூசுகிறது.

அவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? உடனே எழுது.

சாலோமி


மதராசு,
1911 நவம்பர் 29

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

குற்றம் என்னுடையது. பையச் சுற்றிப் பிடித்த படத்தை, கூடாரத்து மிஷினில் வழக்கமான வேகத்தில் காட்டினால் நடக்கிறவன் ஓடுவான். எனக்கு இது தெரியாதா என்று கேட்பாய். காட்டுகிற மிஷின்தான் எனக்குப் பழக்கம், பிடிக்கிற பெட்டியை அன்றைக்குத்தான் முதல் தடவை கையால் தொட்டேன். சுருளை மிச்சம் பிடிக்கிற யோசனையில் இது புத்தியில் தட்டவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் யோக்கியன். தூத்துக்குடியில் முதல் நாள் காட்டினபோது நான் அங்கே இருந்தேன். நான்தான் மிஷினைச் சுற்றினேன். சிரிப்பு எழும்பின பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தேன். முதலாளி ஓடி வந்து, "நிறுத்துலே, ஒரு மனுசனோட மௌத்தை வச்சுச் சிரிக்க வைக்கக் கூடாது" என்றார். ஆனால் மறுநாள் அந்தப் படத்தைக் கேட்டுத்தான் கூட்டம் வந்தது. நம் பக்கத்து மனுசர்கள் திரையில் ஓடுவதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முதலாளி தயங்கினார். "இருக்கட்டும் முதலாளி, சனங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்னது நான். படம் பிடித்தவன் யார் என்று ஆட்கள் என்னைத் தேடி வந்து பார்த்தார்கள், அக்கா. அந்தப் பேர் எனக்கு வேண்டியிருந்தது.

ஆழ்வார்திருநகரிக்குக் கூடாரம் போகிறது என்று தெரிந்துதான் மதராசு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் மிஷின் கோளாறு என்று சொல்லிவிடு. என் கை என்று சொல்லாதே.

வேதமுத்து


சீயோன்விளை,
1911 டிசம்பர் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பாவை விற்றுப் பேர் வாங்கியிருக்கிறாய். இதற்கு மேல் திட்ட எனக்கு வார்த்தை தெரியாது.

மிஷின் கோளாறு என்று அம்மாவிடம் சொன்னேன். "இரும்புக்கு எங்க மேல என்ன பகை? அது பாத்ததைக் காட்டுது. மனுசந்தான் மாத்திச் சொல்லுவான்" என்றாள். என்னைத்தான் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, மாமாவைச் சொல்கிறாள். அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றினபோது அது தொத்திக்கொள்ளும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததல்லவா? அந்தப் பயத்தில்தான் சீக்கிரம் புதைத்துவிட்டு வர ஓடினார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். "எம் புள்ளையும் சேந்துல்லா ஓடியிருக்கான், அவங்க இழுத்த இழுப்புக்கு" என்று உனக்காகவும் வருத்தப்படுகிறாள்.

பெட்டி சுமந்தவர்களைச் சந்தையில் "என்னவே, ஓட்டமா நடையா?" என்று கேட்கிறார்கள். மற்றவர்கள் சிரித்துச் சமாளிக்கிறார்கள். சுவிசேஷமுத்து மாமா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நேற்று பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று, "சாலோமி, நான் அவரைத் தங்கம் மாதிரில்லா கொண்டு போனேன். தோள்ல தண்ணிக் குடம் வச்சாக்கூடத் தளும்பாத மாதிரில்லா நடந்தேன். நீ பாத்தியே தாயி" என்று வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தார். பார்த்தேன் மாமா என்றேன். என் தம்பிதான் கெடுத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் உன் கூட்டாளிதானே.

அம்மா வார்த்தையை நம்பமாட்டாள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். அந்தப் படத்தை அவர்கள் நடந்தபடியே காட்ட வழி உண்டா? உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

சாலோமி


திருநெல்வேலி,
1912 ஜனவரி 8

அக்காவுக்கு,

வழி உண்டு. நான் பிடித்த அதே வேகத்தில் மிஷினையும் பையச் சுற்றினால் போதும். இது எனக்கு உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே தெரியும். ஒரு மாசமாக எழுதாததற்கு இரண்டு காரணம்.

முதல் காரணம் நெருப்பு. பிலிம் கற்பூரம் மாதிரி. விளக்குக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தால் தப்பிக்கும், பையப் போனால் சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூலச் சுருள் மழை ஈரத்தில் ஒட்டிக் கெட்டுப்போயிற்று. இருக்கிறது இந்த ஒரே பிரதிதான். இது போனால் பம்பாயும் போச்சு. இதைக் காட்டித்தான் அங்கே என்னைச் சேர்ப்பதாக முதலாளி பேசி வைத்திருக்கிறார். வைகாசியில் புறப்பட வேண்டும்.

இரண்டாவது காரணத்தை நீயே ஊகித்திருப்பாய். ஓட்டத்தில் முகம் நிற்கவில்லை என்று எழுதினாயே. பையச் சுற்றினால் நிற்கும். ஒவ்வொரு முகமும் நன்றாக நிற்கும். மாமா நடந்த நடை தெரியும். முன்பக்கம் வலது தோளில் பூதத்தானும் தெரிவான். மாமாவுக்குப் பேர் திரும்ப வேண்டுமானால் நான் அம்மாவிடம் அகப்பட வேண்டும்.

பம்பாய் போனால் போகிறது என்று ஒரு நாள் துணிந்தேன். ஆனால் என் இடத்தில் பூதத்தானை அம்மா பார்ப்பாளே, அதற்குத்தான் துணிவு வரவில்லை. இத்தனை நாளும் அவள் என்னைத் திட்டவே இல்லை என்பதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவிடாமல் செய்கிறது. அவங்க இழுத்த இழுப்புக்கு ஓடினான் என்றாளே, அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துத்தான் இப்போது இதற்குத் துணிந்தேன்.

கூடாரம் இப்போது இங்கே தாமிரபரணிப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம், சனங்களை உள்ளே விடுவதற்கு முன்னால் அம்மாவைக் கூட்டி வா. மாமாவையும் கூட்டி வா. மிஷினுக்குக் கிட்டே உட்காராதீர்கள். வாசல் பக்கமாக இருங்கள்.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

வேதமுத்து


சீயோன்விளை,
1912 பிப்ரவரி 2

தம்பி,

கையில் சுட்ட புண் ஆறிவிட்டதா? அதை முதலில் கேட்கிறேன்.

அன்றைக்கு நெருப்பைப் பார்த்ததும் உன்னிடம் வராமல் போனோமே என்று நினைத்திருப்பாய். அம்மாதான் "வண்டியைப் பூட்டு" என்றாள். உங்கள் ஆட்கள் மணலை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டார்கள் என்று கண்டுகொண்டுதான் புறப்பட்டேன். முதலாளி உன்னை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. விளக்குக்கு முன்னால் தெரிந்தே பையச் சுற்றினவன் கையில் மிஷினைக் கொடுக்க முடியாது என்றாராம். கூடாரத்தில் சனங்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் சொன்னதில் தப்பில்லை.

படம் விட்டு விட்டு மினுக்கினாலும் எல்லாரும் நடந்தார்கள். அப்பாவைத் தாங்கிக்கொண்டு, கால் பார்த்துக் கால் வைத்து நடந்தார்கள். கிணற்றடி மேட்டில் மாமா ஒரு கையைப் பெட்டிக்கு அணை கொடுத்தது தெரிந்தது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி தேம்பினார். அம்மா ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா பேர், மற்றவர்கள் பேர். வலது தோளுக்கு வந்ததும் நிறுத்தினாள். பூதத்தான் பேரைச் சொல்லவில்லை, உன் பேரையும் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் திரையில் படம் நடுவில் பழுத்துக் கருகி, மிஷினில் சுருள் பற்றிக்கொண்டது.

மறுநாள் கோயிலுக்கு முன்னால் மாமா வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். இருவரும் சேர்ந்து நற்கருணைக்குப் போனார்கள். அன்றைக்கு மத்தியானம் என்னைச் சமைக்கவிடாமல் தானே சமைத்து, வேலியோரம் போய்ப் பூதத்தானைக் கூப்பிட்டாள். இலை போட்டுத் தன் கையால் பரிமாறினாள். அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, "உபதேசியார் கனமே இல்ல தாயி, பூ மாதிரி இருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் உள்ளே நின்று சுவரில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

என் பொய்யைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைதிருந்தால் தேவலை. என்னோடு சாதாரணமாகப் பேசுகிறாள், ஆனால் நான் சொல்கிற எதையும் இப்போது இன்னொரு ஆளிடம் கேட்டுக்கொள்கிறாள். கோயில் மணி அடித்துவிட்டது என்றால்கூட அத்தையிடம் ஒரு தடவை கேட்கிறாள். இதுதான் என் கூலி.

இன்று காலையில் முறத்தில் உளுந்தைப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "படம் புடிக்கும்போது அவன் அழுதானா?"

நீ அழுதாயா? உன் முகம் அந்தப் படம்பிடிக்கிற பெட்டிக்குப் பின்னால் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன். நீயே எழுது. என்ன எழுதினாலும் வாசித்துக் காட்டுகிறேன்.

சாலோமி


திருநெல்வேலி,
1912 பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கை ஆறி வருகிறது. ஒரு விறகுக் கடையில் கணக்கு எழுத இடம் கிடைத்திருக்கிறது.

அம்மாவுக்குப் பதில்: நான் அழவில்லை.

பிள்ளைகள் பாடின பாட்டின் தாளத்துக்குத்தான் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அழுதால் கை ஆடும், படம் கெட்டுப்போகும் என்று கண்ணைத் துடைக்கிற நிலைமையே வராமல் பார்த்துக்கொண்டேன். மாமா கூப்பிட்டது காதில் விழுந்தது. அவர் நின்றால் சுருள் வீணாகுமே என்று எரிச்சல் வந்தது. பூதத்தான் ஓடி வந்தபோது, நல்ல வேளை, ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். அப்பாவைக் குழிக்குள் இறக்கும்போது, டப்பாவில் சுருள் மிச்சம் இருக்குமா, மண் போடுகிற வரைக்கும் வருமா என்பது ஒன்றுதான் என் கவலை. வந்தது. சந்தோசப்பட்டேன்.

இதை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசி. நடுவில் நிறுத்தாதே, குரலை மாற்றாதே. நீ வாசித்ததை அவள் நம்பாவிட்டால், பாக்கியவதி அத்தையைக் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொல்.

அதற்குப் பிறகு, நான் வீட்டுக்கு வரலாமா என்று கேள்.

வேதமுத்து